புதிதாக விமானி வேலை கிடைத்த காவிரி டெல்டா பிள்ளைகளுக்கு: விமானத்தையும் பேஸையும் எப்படித் தேர்ந்தெடுப்பது? முழு வழிகாட்டி

லைசென்ஸ் வாங்கி, எழுத்துத் தேர்வும் சிமுலேட்டர் சோதனையும் நேர்காணலும் தாண்டி ஏர்லைனில் வேலை உறுதியான பிறகு, ஒரு நாள் மின்னஞ்சலில் ஒரு படிவம் வரும். எந்த விமானத்தில் பறக்க விருப்பம், எந்த ஊர் பேஸாக (பணியைத் தொடங்கி முடிக்கும் ஊராக) வேண்டும், வரிசைப்படுத்தி அனுப்புங்கள் என்று கேட்டிருப்பார்கள். பதில் சொல்லப் பெரும்பாலும் ஓரிரண்டு நாள்தான் அவகாசம். அடுத்த சில வருஷங்களுக்கு எந்த ஊரில் தூங்கப் போகிறீர்கள், எப்போது வீட்டுக்கு வர முடியும், எவ்வளவு சீக்கிரம் கேப்டன் ஆகலாம் என்பதெல்லாம் அந்தப் படிவத்தில்தான் இருக்கிறது.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து விமானி வேலைக்கு வரும் பிள்ளைகளில் பலர் அவரவர் வீட்டில் முதல் விமானி. கேட்டுத் தெரிந்துகொள்ள சித்தப்பாவோ மாமாவோ இந்தத் தொழிலில் இருக்க மாட்டார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் பேஸை யோசியுங்கள், அப்புறம் விமானத்தை. பேஸை யோசிக்கும்போது கிலோமீட்டரை அளக்காதீர்கள். வாரத்துக்கு ஒருமுறை கிடைக்கும் ஓய்வுக்குள் வீட்டுக்குப் போய், தூக்கம் கெடாமல் திரும்பி வர முடியுமா என்று பாருங்கள்.

முதல் படி: உங்கள் கையில் எது இருக்கிறது?

விருப்பம் கேட்கிறார்கள் என்பதற்காகக் கேட்டது கிடைத்துவிடாது. எந்த விமானத்துக்கு எத்தனை பேர் தேவை, எந்த பேஸில் எத்தனை இடம் காலி என்பதைக் கம்பெனி முடிவு செய்யும். அதற்குள் சீனியாரிட்டி வரிசைப்படி பிரித்துக் கொடுப்பார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இதை நீளமாக விளக்க வேண்டியதில்லை. தலைமடை பாய்ந்த பிறகுதான் கடைமடைக்குத் தண்ணீர். புதிதாகச் சேர்பவர் கடைமடை.

அதனால் சேரும் தேதியை லேசாக நினைக்காதீர்கள். ஆடி மாசம் முடியட்டும், நல்ல நாள் பார்த்துச் சேரலாம் என்று வீட்டில் சொல்வார்கள். ஒரு பேட்ச் தள்ளிப் போனால் உங்களுக்கு முன்னால் சில பத்துப் பேர் வந்து நிற்பார்கள். லீவு, பேஸ் மாற்றம், கேப்டன் பதவி உயர்வு எல்லாவற்றிலும், நீங்கள் அந்தக் கம்பெனியில் இருக்கும் வரை, அவர்கள் உங்களுக்கு முன்னால்தான். கொடுத்த முதல் தேதியிலேயே போய்ச் சேருங்கள்.

விமான வகையில் எவ்வளவு தேர்வு இருக்கிறது என்பது கம்பெனியைப் பொறுத்தது. ஆகாசாவில் போயிங் 737 மேக்ஸ் மட்டும்தான், அங்கே இந்தக் கேள்வியே கிடையாது. இண்டிகோவில் புதியவர்களுக்கு ஏர்பஸ் ஏ320 குடும்பம் அல்லது ஏடிஆர் என்ற சிறிய விமானம். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் போயிங் 737, ஏ320 குடும்பம் இரண்டும் உண்டு. அலையன்ஸ் ஏரில் பெரும்பாலும் ஏடிஆர். ஏர் இந்தியாவில் ஏ320 குடும்பத்தோடு 777, 787, ஏ350 என்ற பெரிய விமானங்களும் இருக்கின்றன. ஏற்கெனவே சொந்தச் செலவில் டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதி) முடித்துவிட்டுச் சேர்பவருக்கு அந்த ரேட்டிங்கே விமானத்தை முடிவு செய்துவிடும். அவர் நேராகப் பேஸ் பகுதிக்குப் போகலாம்.

இரண்டாம் படி: ஒப்பந்தத்தை வீட்டில் உட்கார்ந்து படியுங்கள்

படிவத்தை நிரப்புவதற்கு முன் நான்கு விஷயத்தைத் தேடிப் பிடியுங்கள். பாண்ட் (இடையில் விலகினால் பணம் கட்டுவேன் என்ற உறுதிப்பத்திரம்) எத்தனை வருஷம், எவ்வளவு தொகை, வருஷம் ஆக ஆக அது குறையுமா? ஒரு விமானத்தில் போட்டால் எத்தனை காலம் மாற முடியாது? பேஸ் மாற்றம் கேட்க எத்தனை மாதம் ஆக வேண்டும்? பயிற்சிக் காலத்தில் சம்பளமா, உதவித்தொகையா, ஒன்றுமே இல்லையா?

வேலையை விடுவதும் சுலபமில்லை. 2017இல் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி ஃபர்ஸ்ட் ஆஃபீசர் (துணை விமானி) 6 மாதமும் கேப்டன் 1 வருஷமும் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். "பிடிக்கலன்னா வேற கம்பெனிக்குப் போயிடலாம்" என்ற நினைப்பில் படிவத்தை நிரப்பாதீர்கள்.

மூன்றாம் படி: வங்கிக் கடனைக் காகிதத்தில் எழுதுங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். டெல்டாவில் விமானிப் படிப்புக்கு வாங்கிய கடனுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு நிலப்பத்திரம் இருக்கிறது. ஏழரை லட்சத்துக்கு மேல் போகும் கல்விக் கடனுக்கு வங்கிகள் ஈடு கேட்பதால், பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் வங்கிக் கோப்பில் உட்கார்ந்திருக்கும். கல்விக் கடன் திட்டத்தில் படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருஷமும்தான் வழக்கமான தவணை விடுப்பு. அதற்குள் உங்களுக்கு முழுச் சம்பளம் வர ஆரம்பித்திருக்குமா என்று பாருங்கள். தரைவகுப்பு, சிமுலேட்டர், பிறகு பயணிகளோடு பறக்கும் லைன் பயிற்சி, அதன்பின் லைன் ரிலீஸ் (பயிற்சியாளர் இல்லாமல் வழக்கமான பணியில் பறக்க அனுமதி). இவ்வளவும் முடிந்தால்தான் முழுச் சம்பளம்.

சம்பளத்தைக் கணக்குப் போடும்போது கம்பெனி உறுதி கொடுக்கும் குறைந்தபட்சப் பறப்பு மணிநேரத்தை மட்டும் எடுங்கள். அதற்கு மேல் பறந்தால் வரும் பணத்தையும் லேஓவர் (வெளியூரில் தங்கும்) படியையும் சேர்க்காதீர்கள். அந்தத் தொகையிலிருந்து வங்கித் தவணை, பேஸில் வீட்டு வாடகை, அட்வான்ஸ், வீட்டுக்கு அனுப்பும் பணம் ஆகியவற்றைக் கழியுங்கள். மும்பையிலும் பெங்களூரிலும் கழித்துப் பார்த்தால் என்ன மிஞ்சுகிறது, சென்னையிலும் கொச்சியிலும் என்ன மிஞ்சுகிறது என்று தெரிந்துவிடும். இந்தக் கணக்கை அப்பாவோடு உட்கார்ந்து போடுங்கள். கையெழுத்துப் போட்டவர் அவர்.

நான்காம் படி: பேஸ்

வீட்டில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "திருச்சிக்கே போட்டுருவாங்களா?" என்பதுதான். திருச்சியில் 2024இல் புதிய முனையம் வந்துவிட்டது, சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா என்று விமானங்கள் போகின்றன. ஆனால் விமானம் வந்துபோகும் ஊரெல்லாம் விமானிகளுக்கு பேஸ் ஆகாது. ஒரு ஊரில் தினமும் காலையில் முதல் விமானம் கிளம்புகிறது என்றால், அதை ஓட்டுபவர் முந்தைய இரவு வேறு பேஸிலிருந்து வந்து ஓட்டலில் தங்கியவராக இருக்கலாம்.

உங்கள் படிவத்தில் திருச்சி இருந்தாலும் உடனே முதலிடத்தில் போடாதீர்கள். சிறிய பேஸில் விமானம் கொஞ்சம், கேப்டன்கள் கொஞ்சம், போகும் ஊர்களும் கொஞ்சம். புதியவர் நிறையப் பேரோடு, நிறைய ஊர்களுக்குப் பறந்து கற்க வேண்டிய காலம் இது. இன்னொன்று, விமான அட்டவணை வருஷத்துக்கு இரண்டு முறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். சிறிய பேஸில் இரண்டு விமானத்தை எடுத்துவிட்டால் அங்கே வேலையே சுருங்கிவிடும், உங்களை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். வீடெடுத்துக் குடியேறிய பிறகு அது பெரிய தொல்லை.

இப்போது ஓய்வுக் கணக்குக்கு வருவோம். 2024இல் டிஜிசிஏ திருத்திய பணிநேர விதி, வாராந்திர ஓய்வை 36 மணிநேரத்திலிருந்து 48 ஆக்கியது. 2025 ஜூலையிலிருந்து அது நடைமுறைக்கு வந்திருக்கிறது. இந்த 48 மணிநேரத்தை வைத்து ஒவ்வொரு பேஸையும் பாருங்கள்.

சென்னை பேஸ். மாலை 6 மணிக்குப் பணி முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ஸ்டேஷன். அங்கிருந்து மின்சார ரயிலில் தாம்பரம். தாம்பரத்தில் இரவு உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர். மன்னார்குடி, திருவாரூர் பக்கத்துக்காரர்களுக்கு மன்னை எக்ஸ்பிரஸ். ஒரு முழுப் பகல் வீட்டில். அன்று இரவே திரும்ப ரயில் ஏறினால் விடியலில் தாம்பரம். அடுத்த பணிக்கு மாலை வரை நேரம் இருக்கிறது, அறைக்குப் போய் நன்றாகத் தூங்கிக்கொள்ளலாம்.

இந்தக் கடைசித் தூக்கத்தை விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ரயிலிலிருந்து இறங்கி, முகம் கழுவி, யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு நேராக ரிப்போர்ட் செய்வது சாமர்த்தியமில்லை. பெர்த்தில் படுத்த தூக்கம் தூக்கமாகாது. உங்களுக்குப் பின்னால் 180 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓய்வு 48 மணிநேரத்தை ஒட்டி இருக்கிறது, அடுத்த நாள் விடியற்காலைப் பணி என்றால், அந்த வாரம் ஊருக்குப் போகாதீர்கள். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டால் போதும்.

ஸ்டாண்ட்பை நாளிலும் இதே கதைதான். கம்பெனி கூப்பிட்டால் குறிப்பிட்ட நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு சென்னை ஸ்டாண்ட்பை பார்க்க முடியாது. புதியவர்களுக்கு ஸ்டாண்ட்பை அதிகமாக விழும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பெங்களூரு அடுத்தது. மைசூரிலிருந்து பெங்களூரு வழியாகத் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைக்கு இரவு ரயில் இருக்கிறது. ஆனால் விமான நிலையம் தேவனஹள்ளியில், நகரத்திலிருந்து வெகுதூரம், ரயில் ஏறும் இடத்துக்கு வருவதற்கே போக்குவரத்து நெரிசலில் பாதி மாலை போய்விடும். பறப்பு அனுபவத்துக்கோ குறைவே இல்லை, பெரிய பேஸ்.

கொச்சியைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. எர்ணாகுளம்–காரைக்கால் ரயில் திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வழியாகத்தான் வருகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அங்கே பறப்பது நல்ல பாடமும்கூட. படிவத்தில் கொச்சி இருந்தால் நாகை, திருவாரூர் பிள்ளைகள் ஒருமுறை யோசியுங்கள்.

ஹைதராபாத்திலிருந்து ஊருக்கு விமானத்தை நம்பித்தான் வர வேண்டும். டெல்லி, மும்பைக்கும் அதுவே. ஊழியர் டிக்கெட் என்பது இடம் இருந்தால் ஏறலாம் என்ற டிக்கெட். சாதாரண செவ்வாய்க்கிழமை கிடைக்கும், பொங்கலுக்கு முந்தைய நாள் கிடைக்காது. திருச்சியில் இறங்கித் தஞ்சாவூர் போக ஒரு மணிநேரத்துக்குச் சற்று மேல், நாகப்பட்டினம் என்றால் மூன்று மணிநேரம் ஆகும். 48 மணிநேரத்தில் இதைச் செய்ய முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் சேர்ந்தாற்போல் மூன்று நாலு நாள் ஓய்வு கிடைக்கும்போது வரலாம்.

ஆனாலும் டெல்லியைக் கண்டு பயப்படாதீர்கள். டிசம்பர், ஜனவரி மூடுபனியில் சில நூறு மீட்டர்கூடக் கண்ணுக்குத் தெரியாத ஓடுபாதையில் விமானம் எப்படி இறங்குகிறது, மாற்று நிலையத்துக்கு எப்போது திரும்ப வேண்டும், அதற்கு எவ்வளவு எரிபொருள் கையில் இருக்க வேண்டும் என்பதை அங்கே ஒரு குளிர்காலத்தில் கற்பதுபோல் வேறெங்கும் கற்க முடியாது. அந்த மாதிரிச் சமயத்தில் தரையிறக்குவது கேப்டன்தான். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதே பெரிய படிப்பு. மும்பையைப் போடுபவர்கள், 2025 டிசம்பரிலிருந்து நவி மும்பை விமான நிலையமும் இயங்குகிறது என்பதால், எந்த நிலையத்தில் ரிப்போர்ட் செய்ய வேண்டியிருக்கும் என்று கேட்ட பிறகே வீடு பாருங்கள்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இரவுப் பயணத்தைப் பற்றிக் கவலைப்படுவார்கள். பணிக்குக் கூட்டிப்போகவும் கொண்டுவந்து விடவும் கம்பெனி வண்டி உண்டா, எத்தனை கிலோமீட்டர் வரை வரும் என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். அந்த எல்லைக்குள் வீடு எடுத்தால் பாதிக் கவலை தீரும்.

ஐந்தாம் படி: விமானம்

பேஸ் பட்டியல் ஓரளவு தெளிவானதும் விமானத்துக்கு வாருங்கள். புதியவர்களுக்குப் பெரும்பாலும் கேள்வி ஏடிஆரா, ஜெட்டா என்பதுதான்.

ஏடிஆர் என்றால் "சின்ன விமானம்" என்று உறவினர்கள் உதடு பிதுக்குவார்கள். அதைக் காதில் வாங்காதீர்கள். ஏடிஆர் 72-600 எழுபது எண்பது பேர் போகும் டர்போபிராப், அதாவது சுழல்விசிறி விமானம். சென்னையிலிருந்து திருச்சி, தூத்துக்குடி, சேலம், யாழ்ப்பாணம் போன்ற ஊர்களுக்குப் பெரும்பாலும் போவது இதுதான். அதில் ஆட்டோ த்ராட்டில் (இன்ஜின் விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி) கிடையாது. துணை விமானியின் வலது இருக்கையில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் இடது கையில் பவர் லீவரைப் பிடித்தபடி, இறங்கும் வரை வேகத்தை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். காற்று பக்கவாட்டில் அடித்தால் காலும் சேர்ந்து வேலை செய்யும். ஜெட் 35,000 அடியில் போகும்போது ஏடிஆர் 25,000 அடிக்குக் கீழேயே நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழை மேகத்துக்கு மேலே ஏற முடியாது, ரேடாரைப் பார்த்து நடுவில் வழி தேட வேண்டும். ஒரு நாளில் நாலு முறை ஏறி இறங்குவீர்கள். சென்னை–டெல்லி போய்வரும் ஜெட் விமானி ஏறக்குறைய அதே நேரம் பறந்து இரண்டு முறைதான் இறங்குவார், அதிலும் ஒன்று கேப்டனுடையது. கை பழக ஏடிஆர் அருமையான விமானம்.

கேப்டன் ஆகும் காலத்தையும் பாருங்கள். அதற்கு ஏடிபிஎல் (ஏர்லைன் விமானிக்கான உயர் லைசென்ஸ்) வேண்டும், ஏடிபிஎல்லுக்கு 1,500 மணிநேரம். 200 மணிநேரத்தோடு சேர்பவருக்கு இன்னும் 1,300. மாதம் 70 மணிநேரம் பறந்தால் ஒன்றரை வருஷத்துக்குச் சற்று மேல். ஆனால் கேப்டன் இருக்கைக்குக் கம்பெனிகள் தங்கள் அளவில் கூடுதல் மணிநேரமும் அனுபவமும் கேட்கும். அது ஏடிஆருக்கு எவ்வளவு, ஜெட்டுக்கு எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள். மொத்த மணிநேரம் போக இரவுப் பறப்பு, கிராஸ் கன்ட்ரி (ஊர்விட்டு ஊர் பறப்பது), இன்ஸ்ட்ருமென்ட் (கருவிகளைப் பார்த்துப் பறப்பது) என்று தனித்தனிக் கணக்கும் உண்டு. முதல் நாளிலிருந்தே லாக்புக்கில் (பறப்புப் பதிவேட்டில்) ஒவ்வொரு கட்டத்தையும் சரியாக நிரப்புங்கள்.

ஏடிஆரின் குறையும் சொல்ல வேண்டும். ஏடிஆர் கேப்டனாகிப் பிறகு ஏர்பஸ்ஸுக்கு மாறினால், பல இடங்களில் மறுபடி வலது இருக்கையில் உட்கார வேண்டிவரும். வெளிநாட்டுக் கம்பெனிகள் பல ஜெட் அனுபவத்தைத் தனியாகக் கேட்கின்றன. சிங்கப்பூர், துபாய் என்று பிற்பாடு போக நினைப்பவர்களுக்கு ஜெட் வசதி.

ஏ320 குடும்பத்தில் ஒரே டைப் ரேட்டிங்கில் ஏ319, ஏ320, ஏ321 மூன்றும் ஓட்டலாம். இந்தியாவில் எண்ணிக்கையில் அதிகம் இதுதான், அதனால் பேஸ்களும் அதிகம், பின்னால் சென்னைக்கு மாற்றம் கேட்கவும் வாய்ப்பு அதிகம். டெல்டா பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. போயிங் 737 கையால் ஓட்டும் உணர்வு கூடுதலாகத் தரும், நல்ல விமானம். ஆனால் அது எந்தெந்தப் பேஸில் நிற்கிறது என்று பார்த்தபின் எழுதுங்கள்.

பெரிய விமானம் நேரடியாகக் கிடைத்தால்? ஆசை வரும், புரிகிறது. ஒரே பறப்பில் ஒன்பது மணிநேரம் லாக்புக்கில் ஏறும், தரையிறக்கமோ எப்போதாவதுதான் கிடைக்கும். 90 நாளில் மூன்று ஏற்றம், மூன்று இறக்கம் என்ற குறைந்தபட்ச விதியை நிறைவேற்றச் சிலர் சிமுலேட்டருக்குப் போக வேண்டியிருக்கும். முதல் விமானமாக நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

"எது பாதுகாப்பு?" என்று அம்மா கேட்பார். 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து சார்ஜா கிளம்பிய போயிங் 737 ஹைட்ராலிக் கோளாறால் வானத்திலேயே இரண்டு மணிநேரத்துக்கு மேல் சுற்றியதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர் அவர். 141 பேரும் பத்திரமாக இறங்கினார்கள். எரிபொருளைக் குறைத்து, எடையைக் குறைத்து, பயிற்சியில் சொன்னபடி இறக்கினார்கள் என்று அம்மாவுக்கு விளக்குங்கள். இந்த எல்லா விமானங்களுக்கும் அப்படிப்பட்ட பயிற்சி உண்டு. இந்தக் காரணத்துக்காக ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டாம்.

ஆறாம் படி: வீட்டு நாட்காட்டி

எந்த மாதத்தில் நீங்கள் ஊரில் இருந்தே ஆக வேண்டும்? சம்பா அறுப்பு நடக்கும் தை, மாசியில் அப்பாவுக்கு ஆள் துணை வேண்டுமா? குலதெய்வக் கோயில் திருவிழா எப்போது? தங்கை கல்யாணம்? கும்பகோணத்துக்காரர்களுக்கு 2028இல் மகாமகம் வருகிறது, வீடு நிறைய விருந்தாளி இருப்பார்கள். லீவும் சீனியாரிட்டிப்படிதான், பொங்கல், தீபாவளி லீவு முதல் வருஷங்களில் கிடைக்காது என்றே வீட்டில் சொல்லி வையுங்கள். பெரிய பேஸில் ஆள் அதிகம், போட்டியும் அதிகம், ஆனால் ஒரு நாளை இன்னொருவரோடு மாற்றிக்கொள்ளவும் ஆள் கிடைப்பார்கள்.

பெற்றோரில் யாருக்காவது தொடர் சிகிச்சை நடக்கிறது, பார்த்துக்கொள்ள வேறு பிள்ளை இல்லை என்றால், மற்ற எல்லாக் கணக்கையும் தூக்கி வைத்துவிட்டுச் சென்னையை முதலில் போடுங்கள். அவர்களைச் சென்னைக்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ளவும் முடியும்.

ஏழாம் படி: படிவத்தை நிரப்புதல்

அனுப்பும் முன் அந்தக் கம்பெனியில், நீங்கள் நினைக்கும் பேஸில், கடைசி ஒரு வருஷத்துக்குள் சேர்ந்த ஒருவரிடம் பேசுங்கள். பத்து வருஷ சீனியரின் அனுபவம் உங்களுக்கு நடக்கப் போவதில்லை. மாதம் எத்தனை மணிநேரம் பறக்கிறார், எத்தனை ஸ்டாண்ட்பை, எத்தனை இரவு வெளியூரில், சென்னைக்கு மாற்றம் கேட்டுக் காத்திருப்பவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். முடிந்தால் அவருடைய போன மாத ரோஸ்டரை (பணிப் பட்டியலை) காட்டச் சொல்லுங்கள். ஒரு ரோஸ்டரைக் கண்ணால் பார்த்தால் நூறு பேர் சொல்லும் கதை தேவையில்லை.

என்னைக் கேட்டால், கடன் அதிகமில்லாத, பெற்றோர் நலமாக இருக்கும் ஒரு கும்பகோணத்துப் பிள்ளைக்கு நான் சொல்லும் வரிசை: சென்னை, பெங்களூரு, கொச்சி, ஹைதராபாத், டெல்லி. விமானம் ஏ320. சென்னையில் ஏடிஆருக்கு மட்டும்தான் இடம், ஏ320 என்றால் வடக்கே போக வேண்டும் என்ற நிலை வந்தால் சென்னை ஏடிஆரை எடுக்கச் சொல்வேன். வெளிநாடுதான் குறி என்பவர் இதை மாற்றிக்கொள்ளலாம்.

விருப்பம் இல்லாத ஊரை நிரப்பாமல் காலியாக விடாதீர்கள். காலியாக விட்டால் அந்த இடத்தை அவர்கள் நிரப்புவார்கள். கடைசி இடத்துக்கும் நீங்களே ஒரு ஊரை எழுதுங்கள். அனுப்பிய மின்னஞ்சலையும் படிவத்தின் நகலையும் பத்திரமாக வையுங்கள்.

கேட்டது கிடைக்காவிட்டால்

பலருக்குக் கிடைக்காது. கிடைத்த பேஸில் முதல் ஆறு மாதத்துக்கு 11 மாத ஒப்பந்தம், பெரிய அட்வான்ஸ் என்று மாட்டிக்கொள்ளாமல், இன்னும் இரண்டு பேரோடு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுங்கள். லைன் ரிலீஸ் ஆகும் வரை பேஸ் மாற்றப் பேச்சை எடுக்காதீர்கள், படிப்பில் கவனம் இருக்கட்டும். ஒப்பந்தப்படி மாற்றம் கேட்கத் தகுதி வரும் தேதியை போனில் குறித்து வைத்து, அன்று காலையிலேயே விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். ஒரே சீனியாரிட்டியில் இருப்பவர்களுக்குள் விண்ணப்பத் தேதி பார்க்கப்படும் இடங்களும் உண்டு. மார்ச், அக்டோபர் அட்டவணை மாற்றத்துக்கு முந்தைய வாரங்களில்தான் பேஸ்களில் இடம் காலியாவது தெரியவரும், அப்போது ஒருமுறை நினைவூட்டிக் கடிதம் போடுங்கள்.